வீடு மாறினால் பத்தே நாள்!

ஜூன் கடைசியில் டெக்சாஸின் பிளேனோ, ஃபிரிஸ்கோ பக்கம் போனால் அபார்ட்மென்ட் வாசல்களில் யூ-ஹால் வாடகை வண்டிகள் நிற்பதைப் பார்க்கலாம். பள்ளிக்கு விடுமுறை, பல வீடுகளுக்கு லீஸ் முடியும் நேரம். வெட் கிரைண்டரை யார் காரில் ஏற்றுவது, சாமி படங்களை எந்தப் பெட்டியில் வைத்தோம் என்று ஒரு வாரம் வீடே அமளிதுமளிப்படும். கரண்ட், இன்டர்நெட், பேங்க், பிள்ளைகளின் ஸ்கூல், அமேசான் என்று முகவரி மாற்றவேண்டிய இடங்களின் பட்டியல் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும். அந்தப் பட்டியலில் பெரும்பாலும் விட்டுப்போவது குடியேற்றத் துறை. அமெரிக்காவில் குடிமக்கள் அல்லாதவர்களுக்கு முகவரி மாற்றத்தைச் சொல்லாமல் விடுவது தண்டனைக்குரிய குற்றம் என்பது, அங்கே பத்து, பதினைந்து ஆண்டுகளாக வேலை பார்க்கும் நம்மவர்களில் பலருக்கே தெரியாது.

சட்டம் சொல்வது சுருக்கமானது. குடிமகன் அல்லாத ஒருவர் வீடு மாறினால், 10 நாளுக்குள் புதிய முகவரியை எழுத்து மூலம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். 1952-ம் ஆண்டு குடியேற்றம் மற்றும் குடியுரிமைச் சட்டத்தின் 265-வது பிரிவு இது. அதற்கான படிவத்தின் பெயர் ஏஆர்-11. பெயர், பிறந்த தேதி, பழைய முகவரி, புதிய முகவரி, கையெழுத்து, அவ்வளவுதான். கட்டணம் கிடையாது. தூதரக விசாவில் இருப்பவர்கள், விசா இல்லாமலே குறுகிய காலம் வந்துபோக அனுமதி உள்ள நாட்டினர் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு. ஹெச்-1பி, எல்-1, கிரீன் கார்டு என்று மற்ற எல்லோரும் இதற்குள் வருவார்கள். எஃப்-1 மாணவர்களுக்கு வழி வேறு, கெடு அதேதான்: கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்திடம் 10 நாளுக்குள் சொன்னால் போதும், அரசின் கணினியில் அவர்கள் ஏற்றிவிடுவார்கள்.

குடும்பத் தலைவர் ஒருவர் சொல்லிவிட்டால் எல்லோருக்கும் சேர்த்துச் சொன்னதாக ஆகாது. ஹெச்-4 விசாவில் இருக்கும் மனைவிக்குத் தனி, இந்தியாவில் பிறந்த பிள்ளைக்குத் தனி. அமெரிக்காவிலேயே பிறந்த இரண்டாவது பிள்ளை குடிமகன் என்பதால் அதற்கு மட்டும் வேண்டாம்.

நியூ ஜெர்சியில் இருக்கும் என் தங்கை சென்ற ஆண்டு வீடு மாறியபோது இதைச் சொன்னேன். “என்ன அண்ணா, ஒரே காம்ப்ளெக்ஸுக்குள்ளதானே மாறினோம்! பில்டிங் நம்பர்தான் வேற, ஜிப் கோடுகூட அதேதான். இதுக்குமா சொல்லணும்?” என்றாள். சொல்லத்தான் வேண்டும். வீட்டு எண் மாறினாலே முகவரி மாறிவிட்டது.

சொல்லாவிட்டால் என்ன ஆகும்? 266-வது பிரிவின் வாசகப்படி 200 டாலர் வரை அபராதம் அல்லது 30 நாள் வரை சிறை, அல்லது இரண்டும். என்னை உறுத்துவது இந்தத் தொகையும் நாளும் அல்ல, அதே பிரிவில் அடுத்து வரும் வரி. கோர்ட்டில் தண்டனை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், முகவரி சொல்லாத நபரை நாட்டைவிட்டு வெளியேற்றலாம். வேண்டுமென்றே செய்யவில்லை, அல்லது ஏற்கத்தக்க காரணம் இருந்தது என்று நிரூபித்தால் தப்பிக்கலாம். நிரூபிக்கவேண்டிய பொறுப்பு அரசுக்கு அல்ல, வீடு மாறியவருக்கு. வீடு மாறும் களேபரத்தில் ஒரு படிவம் மறந்துபோவது யாருக்கும் நடக்கும். அந்த மறதிக்கும் நாடு கடத்தலுக்கும் நடுவே ஓர் அதிகாரியின் மனத்திருப்தி மட்டுமே நிற்கிறது என்பது நியாயமாக எனக்குப் படவில்லை.

தபால் நிலையத்தில் தொடங்கியது

இந்தச் சட்டத்தின் வேர் இரண்டாம் உலகப் போரில் இருக்கிறது. பிரான்ஸ் ஹிட்லரிடம் வீழ்ந்த சில நாள்களில், 1940 ஜூன் 28 அன்று, அந்நியர் பதிவுச் சட்டத்தில் அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டார். உள்ளுக்குள்ளேயே எதிரி இருக்கிறான் என்ற பயம் அப்போது நாடெங்கும் பரவியிருந்தது. 14 வயது நிரம்பிய அந்நியர் அனைவரும் பக்கத்துத் தபால் நிலையத்துக்குப் போய் விரல் ரேகை வைத்துப் பதிவு செய்ய வேண்டும் என்றார்கள். ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி டிசம்பர் முடிவதற்குள் ஏறத்தாழ 50 லட்சம் பேர் வரிசையில் நின்றார்கள். இன்று கிரீன் கார்டில் அச்சாகும் ‘ஏ’ எண் அந்தப் பதிவில் பிறந்ததுதான். அப்போது முகவரி மாற்றத்துக்குக் கெடு 5 நாள். நிரந்தரமாகத் தங்காதவர்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை முகவரி சொல்ல வேண்டும்.

அன்று அமெரிக்காவில் இருந்த சில ஆயிரம் இந்தியர்களும் அந்த வரிசையில் நிற்கவேண்டியவர்கள்தான். எத்தனை ஆண்டு வாழ்ந்தாலும் குடியுரிமை பெற அவர்களுக்கு வழி இல்லை. 1946-ல் லூஸ்-செல்லர் சட்டம் வந்த பிறகுதான் அந்தக் கதவு திறந்தது. அதுவும் ஆண்டுக்கு 100 இந்தியர் குடியேறலாம் என்ற அளவில்.

1950-களில் இதோடு இன்னொன்று சேர்ந்தது. வீடு மாறினாலும் மாறாவிட்டாலும் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் முகவரி அட்டை ஒன்றை நிரப்பிக் கொடுக்க வேண்டும். 1965-ம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு சென்னை, மதுரை மருத்துவக் கல்லூரிகளிலும் கிண்டி பொறியியல் கல்லூரியிலும் படித்துவிட்டுக் கப்பலும் விமானமும் ஏறிய தலைமுறைக்கு, குடியுரிமை வாங்கும்வரை இந்த ஜனவரிக் கடமை இருந்தது. 1981-ல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அதை ரத்து செய்தது. வீடு மாறும்போது சொல்லவேண்டிய விதி மட்டும் எஞ்சியது. அதையும் மெல்ல எல்லோரும் மறந்தார்கள். சொல்லவேண்டியவர்கள் சொல்லவில்லை, கேட்கவேண்டியவர்கள் கேட்கவில்லை.

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு எல்லாம் தலைகீழானது. அடுத்த ஆண்டு வட கரோலினாவில், கார் வேகத்துக்காக போலீஸ் நிறுத்திய பாலஸ்தீனர் ஒருவர் முகவரி மாற்றத்தைத் தெரிவிக்கவில்லை என்பதையே காரணமாக வைத்து, அவரை வெளியேற்ற நடவடிக்கை தொடங்கியது. 2002 ஜூலையில், இந்த விதியை இனிக் கறாராக அமல்படுத்துவோம் என்று நீதித் துறை அறிவித்தது. பதறிப்போன மக்கள் ஏஆர்-11 படிவங்களை மூட்டை மூட்டையாக அனுப்பினார்கள்.

ஏற்கெனவே அனுப்பப்பட்டவை எங்கே கிடந்தன? கான்சாஸ் சிட்டி அருகே கைவிடப்பட்ட சுரங்கம் ஒன்றில், நிலத்தடிக் கிடங்கில், பிரித்துப் பதியப்படாத சுமார் 20 லட்சம் குடியேற்ற ஆவணங்கள் பெட்டி பெட்டியாகக் கிடந்தது அந்த ஆண்டே செய்தியாக வெளிவந்தது. அவற்றில் சுமார் 2 லட்சம் முகவரி மாற்றப் படிவங்கள். ஒழுங்காகப் படிவம் நிரப்பி, ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பியவர்கள் அத்தனை பேரும் கணினியில் பழைய முகவரியிலேயே இருந்தார்கள். அவர்களில் ஒருவரைச் சாலையில் நிறுத்தி, “சொன்னாயா?” என்று கேட்டிருந்தால், சொன்னதற்கு அவர் கையில் என்ன அத்தாட்சி இருந்திருக்கும்? அதே ஆண்டு நவம்பரில் காங்கிரஸின் தணிக்கை அமைப்பு வெளியிட்ட அறிக்கையின் தலைப்பிலேயே, நம்பகமான முகவரிகள் இல்லாததால் குடியேற்றத் துறையால் பலரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று எழுதியிருந்தது. சட்டம் கேட்ட தகவலைப் பெற்றுக்கொண்டு பதிவு செய்யக்கூட அந்தத் துறை தயாராக இல்லை.

அதே காலத்தில், குறிப்பிட்ட 25 நாடுகளின் ஆண்கள் நேரில் வந்து பதிய வேண்டும் என்று தனித் திட்டம் ஒன்றும் வந்தது. வடகொரியாவைத் தவிர மற்ற எல்லாம் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடுகள். பாகிஸ்தானும் வங்கதேசமும் அதில் இருந்தன, இந்தியா இல்லை. உள்நாட்டு அலுவலகங்களில் 80,000-க்கும் மேற்பட்டோர் தாங்களாகவே வந்து பதிந்தார்கள். அவர்களில் 13,000-க்கும் மேற்பட்டோர் மீது வெளியேற்ற நடவடிக்கை பாய்ந்தது. 2011-ல் திட்டம் நிறுத்திவைக்கப்பட்டது, 2016 டிசம்பரில் விதியே நீக்கப்பட்டது.

மறுபடியும் 2025

இந்தப் பழைய கதையை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம், அதே சக்கரம் இப்போது மறுபடி சுழலத் தொடங்கியிருப்பதுதான். 2025 ஜனவரி 20 அன்று, பதவியேற்ற நாளிலேயே அதிபர் டிரம்ப் கையெழுத்திட்ட உத்தரவு ஒன்று, 1940-ன் பதிவுக் கடமையைத் தூசி தட்டி எடுத்தது. பதியாமல் இருப்பவர்களுக்காக ஜி-325ஆர் என்ற புதிய படிவம் வந்தது. எதிர்த்து வழக்குப் போட்டார்கள். வாஷிங்டன் மத்திய நீதிமன்றம் தடை விதிக்க மறுத்தது. ஏப்ரல் 11 முதல் விதி நடைமுறைக்கு வந்தது.

விசாவோடு முறையாக நுழைந்து ஐ-94 என்ற வருகைப் பதிவு பெற்றவர்களும் கிரீன் கார்டு உள்ளவர்களும் ஏற்கெனவே பதிந்தவர்கள் என்றே கணக்கு. அதனால் நமக்கு ஒன்றுமில்லை என்று பலர் நிம்மதியாக இருந்துவிட்டார்கள். இரண்டு விஷயங்கள் அவர்களையும் தொடும். 18 வயது நிரம்பியவர்கள் பதிவுக்கான அத்தாட்சியை எந்நேரமும் கையில் வைத்திருக்க வேண்டும். ஐ-94-ஐ அரசின் இணையதளத்திலிருந்து இறக்கி, அச்செடுத்து, பர்ஸில் மடித்து வைத்துக்கொள்வது நல்லது. இரண்டாவது விஷயம், பிள்ளைகள் பற்றியது. அமெரிக்காவில் இருக்கும்போது 14 வயது நிரம்பும் பிள்ளை, பிறந்தநாளிலிருந்து 30 நாளுக்குள் மறுபடி பதிந்து, விரல் ரேகை கொடுக்க வேண்டும். கிரீன் கார்டு இருந்தால் அதற்கு ஐ-90 படிவம். ஹெச்-4 போன்ற விசாவில் இருந்தால் ஜி-325ஆர். எட்டாம் வகுப்பிலோ ஒன்பதாம் வகுப்பிலோ இருக்கும் பிள்ளைக்குப் பிறந்தநாள் கேக் வெட்டும் பெற்றோரில் எத்தனை பேருக்கு இது தெரியும்? தெரிந்த ஒருவர் இன்னொரு குடும்பத்துக்குச் சொன்னாலே பெரிய உதவி.

கடிதம் எங்கே போகிறது?

தண்டனையை விடுங்கள். முகவரி மாற்றத்தைச் சொல்லாததால் நம் குடும்பங்கள் அன்றாடம் படுகிற பாடு தபாலில்தான் இருக்கிறது.

வேலை அடிப்படையிலான கிரீன் கார்டு ஆண்டுக்கு சுமார் 1,40,000. எந்த ஒரு நாட்டுக்கும் அதில் 7 சதவிகிதத்துக்கு மேல் பொதுவாகக் கிடையாது. அதனால்தான் இந்தியர்கள் பத்தாண்டு தாண்டியும் காத்திருக்கிறார்கள். அத்தனை ஆண்டு ஒரே வீட்டில் யாரும் இருப்பதில்லை. கம்பெனி மாறும், ஊர் மாறும், பிள்ளை பிறந்தால் இன்னொரு பெட்ரூம் தேவைப்படும். கடைசியில் விரல் ரேகைக்கு வரச்சொல்லும் கடிதமோ, கூடுதல் ஆவணம் கேட்கும் கடிதமோ பழைய வீட்டுக்குப் போகிறது. உரிய நாளுக்குள் பதில் வராவிட்டால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாகவே எடுத்துக்கொண்டு நிராகரித்துவிடலாம்.

“போஸ்ட் ஆபீஸில்தான் முகவரி மாற்றிவிட்டோமே” என்பார்கள். தபால் துறையில் மாற்றினால் பேங்க் கடிதம், பத்திரிகை எல்லாம் புது வீட்டுக்குத் திருப்பிவிடப்படும். குடியேற்றத் துறையின் கடிதங்கள் அப்படித் திருப்பிவிடப்படுவதில்லை, அனுப்பியவருக்கே திரும்பிப் போகும். அவர்களுக்குத் தனியாகத்தான் சொல்ல வேண்டும். அப்படித் திரும்பிப்போன கிரீன் கார்டையும் வேலை அனுமதி அட்டையையும், யாரும் தொடர்புகொண்டு சரியான முகவரி கொடுக்காவிட்டால் 60 வேலை நாளுக்குப் பிறகு அழித்துவிடுவோம் என்று 2018-ல் அந்தத் துறை அறிவித்தது. பல ஆண்டுத் தவம் ஒரு கிழிக்கும் இயந்திரத்தில் போய் முடியலாம்.

அபார்ட்மென்ட் வளாகத்தின் தபால் பெட்டிகளைப் பக்கத்தில் போய்ப் பார்த்தால் இன்னொரு சிக்கல் புரியும். சாம்பல் நிற உலோகப் பெட்டிகள் அடுக்கடுக்காக இருக்கும். தபால்காரர் முன்பக்கக் கதவை மொத்தமாகத் திறந்து ஒவ்வொரு அறையிலும் கடிதத்தைச் செருகுவார். அந்த அறையின் விளிம்பில் குடியிருப்பவர்களின் பெயர் எழுதிய சிறு சீட்டு இருக்கும். சீட்டில் இல்லாத பெயருக்கு வரும் கடிதத்தைப் பல தபால்காரர்கள் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பிவிடுவார்கள். மூன்று பேச்சிலர்கள் சேர்ந்திருக்கும் வீட்டில் லீஸில் உள்ளவர் பெயர் மட்டும்தான் பெரும்பாலும் இருக்கும்.

இதில் நம் தமிழ்ப் பெயர்களின் பாடு தனி. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால், நம்முடைய ஒரே பெயர் அமெரிக்க விசாவில் குடும்பப் பெயர் இடத்துக்குப் போய், சொந்தப் பெயர் இடத்தில் ‘எஃப்என்யூ’ என்று விழும். பெயர் தெரியவில்லை என்பதற்கான சுருக்கம் அது. இனிஷியலை விரித்து எழுதியவர்களுக்கு அப்பாவின் பெயரிலேயே கடிதம் வரும். ஊரில் இருக்கும் அப்பாவின் பெயர் டெக்சாஸ் தபால் பெட்டியில் ஏன் இருக்கப்போகிறது? குடியேறிய அன்றே எல்லோருடைய பெயரையும், விசாவில் இருக்கும் அதே எழுத்தில், ஒரு சீட்டில் எழுதிப் பெட்டிக்குள் ஒட்டிவிடுங்கள். தபால் துறையின் ‘இன்ஃபார்ம்டு டெலிவரி’ இலவச சேவையில் சேர்ந்தால் அன்றன்று வரும் உறைகளின் படம் மின்னஞ்சலில் வந்துவிடும். என்ன வரவேண்டும், என்ன வரவில்லை என்று தெரிந்துவிடும்.

2023 அக்டோபரிலிருந்து குடியேற்றத் துறையின் ஆன்லைன் கணக்கில் ஒரே இடத்தில் முகவரியை மாற்றும் வசதி இருக்கிறது. ஏஆர்-11 கடமையும் தீரும், நிலுவையில் உள்ள பெரும்பாலான விண்ணப்பங்களிலும் முகவரி மாறும். ஆனால், அந்த விண்ணப்பங்களின் ரசீது எண்களை நாமே சேர்க்க வேண்டும். எண்ணைச் சேர்க்காமல் வெறும் முகவரியை மட்டும் மாற்றிவிட்டு, கிரீன் கார்டுக்கான ஐ-485 விண்ணப்பத்திலும் மாறிவிட்டது என்று நம்பி ஏமாந்தவர்கள் உண்டு. மாற்றி முடித்ததும் வரும் உறுதிப்பக்கத்தைச் சேமித்து வையுங்கள். காகிதப் படிவம் அனுப்புகிறவர்கள் சர்டிஃபைடு மெயிலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். சுரங்கக் கிடங்கில் படிவம் கிடந்தவர்களுக்கு இல்லாத அத்தாட்சி அதுதான்.

குடியேற்ற நீதிமன்றத்தில் வழக்கு இருப்பவர்களுக்கு நிலைமை இதைவிடக் கடுமை. அவர்கள் நீதிமன்றத்துக்கென உள்ள தனிப் படிவத்தை 5 வேலை நாளுக்குள் கொடுக்க வேண்டும். குடியேற்றத் துறைக்குச் சொன்னது நீதிமன்றத்துக்குச் சொன்னதாகாது. கொடுத்திருந்த கடைசி முகவரிக்கு நோட்டீஸ் அனுப்பினாலே போதும் என்கிறது சட்டம். அது கைக்குக் கிடைக்காமல் விசாரணைக்குப் போகாவிட்டால், ஆள் இல்லாமலே வெளியேற்ற உத்தரவு பிறக்கும். தஞ்சம் கேட்டுக் காத்திருக்கும் ஈழத்தமிழர் போன்றோர் இதை ஒருபோதும் அலட்சியம் செய்யக் கூடாது.

ஹெச்-1பி ஊழியர்கள் வீட்டைப் பார்ப்பதற்கு முன்பே ஹெச்.ஆர். பிரிவிடம் பேசிவிட வேண்டும். விசா மனுவில் வேலை பார்க்கும் இடம் எழுதப்பட்டிருக்கும். வீட்டிலிருந்தே வேலை என்றால் அந்த வீடுதான் வேலை இடம். நியூ ஜெர்சியில் இருந்து வேலை பார்த்தவர் வாடகை குறைவு என்று வட கரோலினாவுக்குப் பெட்டியைக் கட்டினால், கம்பெனி திருத்திய மனுவை முன்கூட்டியே தாக்கல் செய்திருக்க வேண்டும். சிமியோ சொல்யூஷன்ஸ் வழக்கில் 2015 ஏப்ரலில் வந்த தீர்ப்பு இதைத் தெளிவாக்கிவிட்டது. மாறிப்போன பிறகு ஏஆர்-11 மட்டும் அனுப்பினால், மனுவில் இல்லாத ஊரில் வேலை பார்ப்பதை நாமே எழுதிக் கொடுத்ததாக ஆகும்.

பேரக்குழந்தையைப் பார்க்க வரும் அப்பா, அம்மாவும் இந்தக் கணக்கில் உண்டு. பி-2 விசாவில் வந்து மகன் வீட்டில் மூன்று மாதம், மகள் வீட்டில் மூன்று மாதம் என்று தங்குவார்கள். வருகையாளர்களுக்கும் 265-வது பிரிவு பொருந்தும். நான்கு நாள் நயாகரா பயணத்துக்கெல்லாம் யாரும் படிவம் நிரப்ப வேண்டியதில்லை. மாதக்கணக்கில் இன்னொரு வீட்டில் தங்கப்போகிறார்கள் என்றால் பிள்ளைகளே ஆன்லைனில் தெரிவித்துவிடுவது நல்லது. குடியுரிமை வாங்கிவிட்ட பிள்ளைகளுக்கு ஏஆர்-11 வேண்டாம். ஆனால், பெற்றோருக்கு ஸ்பான்சர் செய்து ஐ-864 உறுதிமொழி கொடுத்தவர்கள், வீடு மாறினால் 30 நாளுக்குள் ஐ-865 படிவத்தில் சொல்ல வேண்டும். அதற்குத் தனி அபராதமும் உண்டு.

முகவரியைக் கேட்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. ஜெர்மனியில் புது வீட்டுக்குப் போன இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் பதிய வேண்டும். ஜெர்மானியரும் அதே அலுவலகத்தில், அதே விதியின்படி பதிகிறார்கள். ஜப்பானில் 14 நாள். உள்ளூர்வாசியும் வெளிநாட்டவரும் போவது ஒரே வார்டு அலுவலகத்துக்குத்தான். கவுன்டரில் ஓர் ஆள் இருக்கிறார், கையோடு அத்தாட்சி கிடைக்கிறது. அமெரிக்காவில் இந்தக் கடமை அந்நியருக்கு மட்டும். அதை நினைவூட்ட ஆள் இல்லை. விமான நிலையத்தில் நுழைவு அனுமதி தரும் அதிகாரி சொல்வதில்லை, லீஸ் எழுதும் அலுவலகம் சொல்வதில்லை. லைசென்ஸில் 10 நாளுக்குள் முகவரி மாற்றச் சொல்லும் கலிபோர்னியாவின் வாகனத் துறையும் குடியேற்றத் துறைக்கு நமக்காக எதையும் அனுப்பப்போவதில்லை. நாடு கடத்தும் அளவுக்கு முக்கியமான விதி என்றால், அதை வாய்விட்டுச் சொல்லும் கடமை அரசுக்கு இருக்கிறது.

அரசு சொல்லும்வரை காத்திருக்க முடியாது. ஆள் எடுத்து அனுப்பும் ஐ.டி. கம்பெனிகள் சேரும் நாளில் கொடுக்கும் கோப்பில் இதை ஒரு தாளாகச் சேர்க்கலாம். ஜூலை 4 வார இறுதியை ஒட்டி வட அமெரிக்கத் தமிழ்ச் சங்கப் பேரவையின் ஆண்டு விழா நடக்கிறது. பட்டிமன்றமும் பறையாட்டமும் நடக்கும் அரங்குக்கு வெளியே புடவைக் கடைக்கும் ரியல் எஸ்டேட் ஸ்டாலுக்கும் நடுவில் ஒரு மேசை, ஒரு லேப்டாப், விவரம் தெரிந்த இரண்டு தன்னார்வலர்கள் போதும். வீடு மாறும் சீசனும் அதுதான். வருகிறவர்களின் கணக்கை அங்கேயே திறந்து, ரசீது எண்களைச் சேர்த்து, உறுதிப்பக்கத்தை அச்செடுத்துக் கையில் கொடுத்து அனுப்பலாம்.